முதல் தடவை ஸ்கீ போறேன், என்ன டிரெஸ் வாங்கணும்? கொஞ்சம் அவசரம்

புதுக்கால்
வணக்கம். ஆபீஸ் ஆளுங்களோட ஸ்கீ போறோம், எனக்கு இதான் முதல் தடவை. கடையில ஜாக்கெட் விலையைப் பார்த்ததும் தலை சுத்திருச்சு. செலவு கம்மியா முடிக்கணும். எதை வாங்கணும், எதை விட்டுடலாம்? ஜீன்ஸ், ஸ்வெட்டர், ரெயின்கோட் எல்லாம் இருக்கு. பூட்ஸ் ஒருத்தர் தரேன்னிருக்கார். சீக்கிரம் சொல்லுங்க.

தேன்சிட்டு
எத்தனை நாள்? குளிர் உச்சத்துல இருக்கிற சமயமா, சீசன் முடியப்போற சமயமா? மைனஸ் 15க்கும் பனி உருகுற வெயிலுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாதுங்க.

முட்டிவலி
ஜீன்ஸை வீட்லயே விட்டுட்டுப் போங்க. முதல் நாள் பாதி நேரம் பனியில உக்காந்துதான் இருப்பீங்க. பருத்தி தண்ணியை உறிஞ்சிக்கிட்டா லேசுல காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துரும். உள்ள போடுற பனியனும் அதே கதைதான். நனையாத பேண்ட் ஒண்ணு கட்டாயம் வேணும். வாங்கவே வேண்டாம், பல இடத்துல வாடகைக்குக் கிடைக்கும்.

கம்பளிப்பூச்சி
உள்ளாடைக்கு மெரினோ கம்பளி. வேற பேச்சே இல்ல. தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கிக்கும், அப்பவும் தொட்டா சில்லுன்னு இருக்காது. மூணு நாள் போட்டாலும் நாறாது.

தேன்சிட்டு
அவர் செலவு கம்மியா வேணும்ங்கிறார், நீங்க மெரினோங்கிறீங்க! ஓடுறதுக்குப் போடுற பாலியெஸ்டர் டீ-ஷர்ட் எல்லார் வீட்லயும் கிடக்கு. அது ஈரத்தை உறிஞ்சாது, சீக்கிரம் காஞ்சிரும். நாறும், ஒத்துக்கிறேன். ராத்திரி அலசிப் போட்டா காலைல ரெடி.

பழையபனி
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடறீங்க. மேல தேடல் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அழகுக்கு வைக்கல. சரி, கேட்டதுக்குச் சொல்றேன். உள்ள ஒண்ணு, நடுவுல ஃப்ளீஸ் (பொசுபொசுன்னு இருக்கிற கதகதப்பான செயற்கைத் துணி), மேல காத்தும் தண்ணியும் புகாத ஒண்ணு. ஜாக்கெட் லேபிள்ல தண்ணி புகாம தாங்குற அளவு 10,000 மி.மீ.ன்னு போட்டிருந்தா புதுசா கத்துக்கிறவருக்குத் தாராளம். 20,000 எல்லாம் உங்களுக்கு எதுக்கு? தையல்ல உள்பக்கமா டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. இதையெல்லாம் இருபது தடவை எழுதியாச்சு.

முட்டிவலி
இருபத்தோராவது தடவை சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கலாம் :)

புதுக்கால்
3 நாள். ஸ்கீதான், ஸ்னோபோர்டு இல்ல. குளிர் எவ்வளவுன்னு தெரியல. ரெயின்கோட் போதுமா போதாதா? அதை யாரும் சொல்லல.

கொக்கி
ரெயின்கோட் எந்த வகை? துணி மாதிரி நைலானா, கனமான பிளாஸ்டிக்கா? நைலான்னா உள்ள ஃப்ளீஸ் போட்டுச் சமாளிக்கலாம். ஆனா வேர்வை வெளியே போகாது, மலை மேல ஏத்திவிடுற நாற்காலி லிஃப்டுல உக்காந்ததும் அந்த வேர்வையே குளிரும். பிளாஸ்டிக்னா வேண்டாம், கடுங்குளிர்ல விறைச்சுப்போய் மடிப்புல கிழியும்.

அதைவிட எனக்கு அந்தப் பூட்ஸ்தான் உறுத்துது. யாரோடது, எத்தனை வருஷம் பழசு?

புதுக்கால்
மாமாவோடது. செருப்பு சைஸ் ரெண்டு பேருக்கும் 9தான். பத்துப் பன்னெண்டு வருஷமா பரண்ல இருந்திருக்கு, ஆனா பளபளன்னு இருக்கு.

கொக்கி
நினைச்சேன். ரெண்டு விஷயம்.

ஸ்கீ பூட்ஸுக்கு செருப்பு சைஸ் கணக்கில்ல. பாதத்தோட நீளம் சென்டிமீட்டர்ல, 26.5, 27.5ன்னு. சுவத்துல குதிகாலை ஒட்டி நின்னு கட்டைவிரல் வரைக்கும் அளங்க. பெரும்பாலும் 27க்கும் 27.5க்கும் வெளி ஓடு ஒண்ணேதான். போட்டு நேரா நின்னா விரல் நுனி முன்னாடி லேசாத் தொடணும், முட்டியை மடக்கி முன்னால சாஞ்சா விலகணும். தாராளமா இருந்தா சுகம்னு நினைக்காதீங்க. பாதம் உள்ள ஆடினா ஸ்கீ உங்க பேச்சைக் கேக்காது, முன்கால் எலும்பும் ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

அடுத்தது, அந்தப் பிளாஸ்டிக் சும்மா கிடந்தாலும் ஈரக்காத்துல உள்ளுக்குள்ள கெட்டுப்போகும். பார்க்கப் புதுசாவே இருக்கும், மிதிச்சதும் பொளக்கும். பேசாம வாடகைக்கு எடுங்க. கடிச்சா அன்னைக்கே மாத்திக்கலாம். பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பைண்டிங்கையும் அங்கேயே உங்க எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடிநீளம் பார்த்து வச்சுத் தருவாங்க. விழும்போது ஸ்கீ காலை விட்டுக் கழலணும், அதுக்குத்தான் அந்தக் கணக்கு. நல்லா ஓட்டுவேன்னு அங்க பெருமை அடிச்சிராதீங்க, அதுக்கேத்த மாதிரி இறுக்கி விட்ருவாங்க.

கம்பளிப்பூச்சி
சாக்ஸ் ரெண்டு ஜோடி சேத்துப் போடுங்க, கம்பளின்னா இன்னும் நல்லது.

கொக்கி
ஐயோ வேண்டாம். ஒரே ஜோடி, மெல்லிசா, முட்டி வரைக்கும். ரெண்டு போட்டா உள்ள மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், ரத்தம் ஓடாம கால் இன்னும் ஜில்லுன்னு ஆகும். தெர்மல் பேண்டையும் பூட்ஸுக்குள்ள திணிக்காதீங்க, மேலயே நிறுத்திக்கங்க.

கம்பளிப்பூச்சி
நான் ரெண்டுதான் போடறேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

கொக்கி
அப்ப உங்க பூட்ஸ் ஒரு சைஸ் பெருசுங்க.

பழையபனி
ஹெல்மெட்டுக்கு யாரும் வாடகை கட்டாதீங்க. வீட்ல சைக்கிள் ஹெல்மெட் இருந்தா அதுவே போதும். நான் பல வருஷமா அதான் போடறேன்.

தேன்சிட்டு
இதையும் தேடல் பெட்டியில பார்த்துத்தான் சொல்றீங்களா சார்? ஸ்கீ ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1077. சைக்கிளுக்கு இஎன் 1078. நம்பர் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, சோதனை வேற. கூரான பொருள் துளைச்சு உள்ள வருதான்னு 1077ல பார்க்கிறாங்க, 1078ல அது கிடையாது. காதும் மூடாது, காகிள்ஸ் பட்டையைப் பிடிக்க பின்னாடி கொக்கியும் இருக்காது.

பழையபனி
தரம் தரம்னு பேசறவங்க எத்தனை தடவை விழுந்திருக்கீங்க? ஹெல்மெட்டே இல்லாத காலத்துலயும் ஜனங்க சறுக்கினாங்க.

முட்டிவலி
விழுந்த கணக்குல நான்தான் சீனியர், சொல்றேன்: ஸ்கீ ஹெல்மெட்டே எடுங்க.

பழையபனி
சரி, எப்படியோ போங்க.

தேன்சிட்டு
@புதுக்கால், கண்ணாடி போடுவீங்களா? காகிள்ஸ் பத்தி நீங்க கேக்கவே இல்ல.

புதுக்கால்
ஆமா, போடுவேன். மைனஸ் 4. அதுக்கும் இதுக்கும் என்ன?

தேன்சிட்டு
அதை மொதல்லயே சொல்லணும்ங்க! கண்ணாடிக்கு மேல போடுற அகலமான காகிள்ஸ் தனியா உண்டு, உங்க ஃப்ரேமை எடுத்துட்டுப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்க. லென்ஸ்ல எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு இருக்கும். எஸ்3 பளீர் வெயிலுக்கு, மப்பு நாள்ல அது கும்மிருட்டு. ஒண்ணுதான் வாங்க முடியும்னா எஸ்2. புதுப் பனி புறஊதாக் கதிரை 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், அதனால மூக்குக்குக் கீழ, தாடைக்கு அடியிலயும் சன்ஸ்கிரீன் தடவுங்க. அங்கதான் எல்லாரும் விட்டுடறாங்க.

முட்டிவலி
காசு போடணும்னா கையுறைல போடுங்க. நனைஞ்ச கையோட ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. விரல் பிரிக்காத வகை இன்னும் கதகதப்பு. மஃப்ளர் வேண்டாம், லிஃப்டுல எங்கயாவது மாட்டும். கழுத்தோட ஒட்டுற குழாய்த் துணி எடுங்க. ஜாக்கெட் யார்கிட்டயாவது கடன் வாங்க முடியுமா? வாங்கினா லேபிளைப் பார்த்து, சாஃப்ட்னர் போடாம துவைச்சு, டிரையர்ல லேசான சூட்டுல ஓட்டுங்க. தண்ணி மறுபடி முத்து முத்தா உருண்டு ஓடும்.

கம்பளிப்பூச்சி
ஃப்ளீஸுக்குப் பதிலா கம்பளி ஸ்வெட்டரே போதும்னு யாராவது சொல்லுங்கப்பா. அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு!

முட்டிவலி
அது சரிதான். ஸ்வெட்டர் கம்பளியா அக்ரிலிக்கானு அவர் சொல்லல. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஓடும், பருத்தியா மட்டும் இருக்கக் கூடாது.

கொக்கி
@புதுக்கால் பாதம் அளந்தீங்களா?

*(ஒன்பது நாள் கழிச்சு)*

புதுக்கால்
போயிட்டு வந்தாச்சு. பாதம் 26, செருப்புக் கணக்கு சுத்தமா தப்பு. மாமா பூட்ஸைக் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஹால்ல போட்டு நடந்து பார்த்தேன், குதிகால் பக்கம் ஒரு துண்டு பேந்து தரையில விழுந்துச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லல. வாடகைக்கு எடுத்தேன். ரெயின்கோட் பிளாஸ்டிக்தான், ரெண்டாம் நாள் முழங்கையில கிழிஞ்சிருச்சு. ஸ்வெட்டர் ஓகே. நன்றி எல்லாருக்கும்.

தேன்சிட்டு
ஹெல்மெட் எது போட்டீங்க?

பழையபனி
ஆமா, அதைச் சொல்லுங்க.