வள்ளியூர் ஆர்டரில் அம்பை ஜோடி பேர் வருது: ஸ்பிரிங் தெரிஞ்சவங்க உதவுங்க

கொக்கிரகுளம் கோடர்:
பத்தமடைப் பாய் ஆர்டர் எடுக்க ஸ்பிரிங் பூட்ல (ஜாவா ஃபிரேம்வொர்க்) ஒரு இணையதளம் செஞ்சு கொடுத்தேன். கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்வாங்கல்லா, அதுக்கு. முதல் பக்கத்துல பேர், ரெண்டாம் பக்கத்துல அளவு, முகவரி. நான் தனியா சோதிச்சா ஒழுங்கா இருக்கு. முகூர்த்த மாசம் பிறந்ததும் வள்ளியூர் முகவரியில அம்பை ஜோடி பேர் விழுந்து கெடக்கு. தறியில ஏத்துறதுக்கு முந்தி கடைக்காரர் பாத்துட்டார், தப்பிச்சேன். டேட்டாபேஸ் கோளாறா?

பேட்டை தம்பி:
மெத்தட்ல சிங்க்ரொனைஸ்டுன்னு பூட்டு போடுங்க, சரியாயிரும்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
அது மெத்தட் ஓடி முடியுற வரைக்கும்தான் பூட்டு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கதவு திறந்துல்லா கெடக்கு. தம்பி, பேரை எங்கன வச்சிருக்கிய? சர்வீஸ் கிளாஸ்ல ஃபீல்டாவா?

கொக்கிரகுளம் கோடர்:
ஆமா அண்ணாச்சி, ‘நடப்பு ஆர்டர்’னு ஒரு ஃபீல்டு.

ஜங்ஷன் அண்ணாச்சி:
அங்கனதான் கோளாறு. ஸ்பிரிங்ல ஸ்கோப் (ஒரு ஆப்ஜெக்ட் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குங்கிறது) எதுவும் சொல்லலைன்னா பீன், அதாவது ஸ்பிரிங் செஞ்சு வைக்கிற ஆப்ஜெக்ட், சிங்கிள்டன். ஆப்ஜெக்ட் ஒண்ணே ஒண்ணு, வாற ஆளுக எல்லாருக்கும் அதேதான். டாம்கேட் சர்வர் சும்மாவே 200 திரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை) வரைக்கும் ஓட்டும், அத்தனையும் அந்த ஒரே ஃபீல்டுலதான் எழுதும். ரெண்டு பிரவுசர் திறங்க. முதல்ல ‘அ’வுல பேர் போடுங்க, அடுத்து ‘ஆ’வுல பேர் போடுங்க, பிறகு ‘அ’வுல ரெண்டாம் பக்கத்தை முடிங்க. ‘ஆ’ பேர்தான் சேவ் ஆகும்.

கொக்கிரகுளம் கோடர்:
அச்சு அசலா அதேதான்! ஸ்கோப்பை புரோட்டோடைப்னு (கேட்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட்) மாத்திப் பாத்தேன், அப்பவும் கலக்குது. ஆப்ஜெக்டை அடையாளம் காட்டுற ஐடென்டிட்டி ஹேஷ்கோடை பிரிண்ட் பண்ணுனா எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே எண்.

ஜங்ஷன் அண்ணாச்சி:
ரிக்வெஸ்ட்டை வாங்குற கன்ட்ரோலரும் சிங்கிள்டன்தானே. ஆப் எழும்பும்போது ஒரு புரோட்டோடைப்பை வாங்கி வச்சுக்கிடும், பிறகு புதுசு கேட்கவே கேட்காது. ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் தர்ற ரிக்வெஸ்ட் ஸ்கோப்பும் உங்களுக்கு ஆகாது, ரெண்டாம் பக்கம் வேற ரிக்வெஸ்ட்.

பேட்டை தம்பி:
அப்ப செஷனுக்கு ஒரு ஆப்ஜெக்ட் தர்ற செஷன் ஸ்கோப்?

ஜங்ஷன் அண்ணாச்சி:
ஆள் ஆளுக்குப் பிரியும். ஆனா ஒரே பிரவுசர்ல ரெண்டு டேப் திறந்தா செஷன் ஒண்ணுதான்.

கொக்கிரகுளம் கோடர்:
ஐயோ, கடையில ஃபோன் ஆர்டர் எடுக்கிற அக்கா நாலு டேப் திறந்து வச்சிருப்பாங்க.

ஜங்ஷன் அண்ணாச்சி:
அப்ப செஷனும் வேண்டாம். முதல் பக்கத்துலயே அரைகுறை ஆர்டரா டேபிள்ல ஒரு வரி போட்டுருங்க. அதோட ஐடியை ஃபார்ம்ல மறைச்சு அனுப்புங்க. வரிசை எண் வேண்டாம், யூயுஐடி (ஊகிக்க முடியாத நீள ஐடி) போடுங்க, இல்லன்னா எண்ணை மாத்தி அடுத்தவுக ஆர்டரைப் பாத்துருவாங்க. சர்வீஸ்ல அந்த ஃபீல்டே இருக்கக் கூடாது, எல்லாம் பாராமீட்டரா வந்து பாராமீட்டரா போகட்டும்.

கொக்கிரகுளம் கோடர்:
ஃபீல்டை அழிச்சாச்சு. நாலு டேப்ல மாத்தி மாத்திப் போட்டும் கலக்கலை. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

ஜங்ஷன் அண்ணாச்சி:
இதுக்கு முந்தி வந்த ஆர்டர் எல்லாம்?

கொக்கிரகுளம் கோடர்:
கடையிலதான் உக்காந்திருக்கேன். ஒவ்வொரு வீட்டுக்கா ஃபோன் போட்டு, பொண்ணு பேர் என்னன்னு கேட்டுக்கிட்டிருக்கோம்.