பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை எங்கே? பின்தங்கிய நகர்ப்பகுதியில் மக்கள் சங்கம் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி – குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். வேலையின்மையும் கடன் சுமையும் நிறைந்த ஒரு நகர்ப்புறக் குடியிருப்பில் இயங்கும் மக்கள் சங்கத்தில் பொறுப்பு வகிக்கிறேன். எங்கள் பகுதிக்குப் பயிற்சித் திட்டங்கள் வராமல் இல்லை. தையல், கணினி, அழகுக்கலை என ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. சான்றிதழ் வழங்கும் விழாவோடு நடத்தியவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதன்பின் பயிற்சி பெற்றவர் என்ன ஆனார் என்று கேட்க ஆளில்லை. ஒரே வீட்டில் மூன்று சான்றிதழ்களை வைத்துக்கொண்டு, மாத வருமானம் ஏதுமின்றி இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

இப்போது முதன்முறையாக ஒரு சிறு நிதி எங்கள் சங்கத்தின் கைக்கே வரவிருக்கிறது. அதை வைத்து வேலை தேடுவோருக்கான உதவி மையம் அமைக்கலாம் என்பது ஒரு தரப்பு. உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுத் தொழில் தொடங்கலாம் என்பது மறு தரப்பு. இவற்றுக்கு அப்பால் மூத்தவர்களுக்கு ஓர் அச்சமும் உண்டு: பகுதி சற்றே முன்னேறினால் வாடகை ஏறி, நாங்களே வெளியேற நேரிடும் என்கிறார்கள். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் செய்வீர்கள்?

மறுமொழி 1 – வேலைவாய்ப்பு ஆலோசகர்

வணக்கம். உதவி மையத்தையே முதலில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்காக 1990களில் அமெரிக்காவில் உருவான ஒரு வேலை உதவி முறை, முதலில் உண்மையான சம்பள வேலையில் அமர்த்து, தேவைப்படும் பயிற்சியை அங்கேயே கொடு, சேர்ந்த பிறகும் துணையாக இரு என்ற கொள்கையில் இயங்குகிறது. பல நாடுகளில் செய்யப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளில் அது வழக்கமான முறைகளைவிட நல்ல பலன் தந்திருக்கிறது. உங்கள் பகுதிக்கும் அதன் அடிப்படை பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

வேலை கிடைப்பதைவிட அதில் முதல் இரண்டு மாதம் நிலைப்பதுதான் கடினம். சம்பளம் மாத இறுதியில்தான் வரும். அதுவரை பேருந்துக் கட்டணத்துக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் கையில் பணம் வேண்டும். தினக்கூலிக்குப் போனால் மாலையில் காசு கைக்கு வந்துவிடும் என்பதால், நல்ல வேலையை இரண்டாம் வாரமே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று முதலாளிகள் பேசும்போது எனக்கு வேதனையாக இருக்கும். உங்கள் நிதியில் ஒரு பகுதியை, முதல் சம்பளம் வரும்வரை வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுங்கள்.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஆறு நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் 'ஜாப்ஸ்-பிளஸ்' என்ற திட்டம் நடந்தது. அங்கே வருமானம் கூடினால் அதற்கேற்ப வாடகையும் கூடும் என்பதால், வேலைக்குப் போவதால் கையில் மிஞ்சுவது குறைவாக இருந்தது. அந்த விதியைத் தளர்த்தியதோடு, குடியிருப்புக்குள்ளேயே வேலை உதவி அலுவலகம் வைத்து, வாய்ப்புகளைப் பற்றி அக்கம்பக்கத்தாரே வீடு வீடாகச் சொல்லும் ஏற்பாட்டையும் செய்தார்கள். மூன்றும் முழுமையாக நடந்த இடங்களில் வருமானம் உயர்ந்தது. அரைகுறையாக நடந்த இடங்களில் உயரவில்லை. உங்கள் பகுதியிலும் வேலைக்குப் போனால் எந்த உதவித்தொகை நிற்கும், எந்தச் சலுகை போகும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

மறுமொழி 2 – கூட்டுறவு நிறுவனங்களுடன் பணியாற்றுபவர்

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முழுமையாக உடன்பட முடியவில்லை. வெளியே உள்ள வேலைகளுக்கு ஆட்களை அனுப்புவது மட்டுமே உதவியானால், வெளியே வேலை குறையும்போது முதலில் திரும்பி வருபவர்கள் உங்கள் ஆட்கள்தான். அதற்கு மேல், விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததுமே ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை எந்த ஆலோசனையும் மாற்றிவிடாது.

எனவே பகுதிக்குள் வரும் பணம் எங்கே போகிறது என்று முதலில் கணக்கெடுங்கள். பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில், கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் குடியமர்ந்த பால்மெய்ரஸ் என்ற பகுதி உண்டு. அங்குள்ள குடியிருப்போர் சங்கம் வீடுவாரியாகக் கேட்டபோது, மக்கள் வாங்கும் பொருள்களில் பெரும்பகுதி பகுதிக்கு வெளியே வாங்கப்படுவது தெரிந்தது. ஏழ்மையைவிட இந்த ஒழுகல்தான் பெரிய சிக்கல் என்று முடிவு செய்து, 1998இல் 'பாங்கோ பால்மாஸ்' என்ற சமூக வங்கியைத் தொடங்கினார்கள். உள்ளூர் உற்பத்திக்கும் உள்ளூர் நுகர்வுக்கும் கடன் கொடுத்து, பின்னர் பகுதிக்குள் மட்டும் செல்லும் நாணயத்தையும் வெளியிட்டார்கள். நாணயம் வெளியிடுங்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கெடுப்பைச் செய்யுங்கள். எந்தத் தொழிலுக்குப் பகுதியிலேயே வாடிக்கையாளர் இருக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்து, பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை, கல்லூரி, நகராட்சி ஆகியவை எதை வாங்குகின்றன என்று பாருங்கள். சலவை, துப்புரவு, சமையல், தோட்டப் பராமரிப்பு என்று அவற்றுக்கு நாள்தோறும் தேவை இருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 2008இல் தொடங்கிய 'எவர்கிரீன்' கூட்டுறவுகள் இதையே நம்பின. தொடக்க ஆண்டுகளில் பெரிய மருத்துவமனைகளின் சலவை ஒப்பந்தங்கள் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. 2018இல்தான் 'கிளீவ்லாந்து கிளினிக்' என்ற பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தை நடத்தும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. புணேயில் குப்பை சேகரிப்போர் 1993இல் தொழிற்சங்கமாகத் திரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2008இல், 'ஸ்வச்' என்ற கூட்டுறவாக மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து, வீடுகளிலிருந்தே கட்டணம் பெற்றுக் குப்பை சேகரிக்கிறார்கள். இரண்டிலும் பொறுமைதான் முதலீடு.

ஒப்பந்தப் புள்ளி படிவத்தை இப்போதே ஒன்று வாங்கிப் படியுங்கள். கடந்த மூன்றாண்டு விற்றுமுதல், முன்வைப்புத் தொகை, முன் அனுபவச் சான்று என்று கேட்டிருப்பார்கள். புதிதாகத் தொடங்கும் கூட்டுறவிடம் இந்த மூன்றும் இருக்காது. அதையும் தாண்டிவிட்டால், வேலை முடிந்து பட்டியல் கொடுத்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். ஊதியத்தையோ வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். நல்ல கூட்டுறவுகள் திறமைக் குறைவால் மூடப்படுவதைவிட, இந்த இடைவெளியில் மூச்சுத் திணறி மூடப்படுவதே அதிகம். ஆகவே நிதி முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருப்பவரிடம் துணை ஒப்பந்தமாக ஒரு சிறு வேலையை எடுத்து, அனுபவச் சான்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 – நகர்ப்புறத் திட்டமிடல் ஆய்வாளர்

வாடகை பற்றிய மூத்தவர்களின் அச்சம் நியாயமானது. அதைக் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில், தீவைப்பும் கைவிடலும் சேர்ந்து சுமார் 1,300 மனைகளை வெற்றிடமாக்கியிருந்த 'டட்லி' பகுதியில், குடியிருப்போர் 1984இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988இல் நகர நிர்வாகத்திடமிருந்து பெற்று, அந்த நிலத்தைச் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள். நிலம் அறக்கட்டளையிடம் இருப்பதால், அதன்மேல் உள்ள வீட்டை விற்றாலும் நினைத்த விலைக்கு விற்க முடியாது. அவ்வளவு அதிகாரம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆயினும் சங்கக் கட்டடத்துக்கும் தொழிற்கூடத்துக்கும் நீண்டகாலக் குத்தகையை, பகுதியின் மதிப்பு ஏறுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை நேற்றைய கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். வீடுவாரிக் கணக்கெடுப்பை முதலில் செய்வது என்றும், அதை எங்கள் இளைஞர்களுக்கே ஊதியம் கொடுத்துச் செய்விப்பது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கைமாற்று நிதி பற்றித்தான் தயக்கம்: வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் சங்கத்துக்குள் பகை வளருமே என்கிறார்கள்.

மறுமொழி 1 – வேலைவாய்ப்பு ஆலோசகர்

அந்தத் தயக்கம் இயல்பானது. ரொக்கமாகக் கொடுக்காமல் முதல் மாதப் பயண அட்டையாகவும் குழந்தைக் காப்பகக் கட்டணமாகவும் நேரடியாகச் செலுத்திவிடுங்கள். அப்போது பணம் போன நோக்கம் குறித்துச் சந்தேகம் எழாது. திரும்பப் பெறுவதை இரண்டாம் சம்பளத்திலிருந்து மூன்று தவணையாக வைத்துக்கொள்ளலாம். வேலை நிலைக்காமல் போனவரிடம் தொகையைக் கேட்கக் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். அப்படி எழுதாவிட்டால், வேலையை இழந்தவர் வெட்கப்பட்டுச் சங்கத்தின் பக்கமே வரமாட்டார்; அடுத்த வேலைக்கு அவரை அனுப்பவும் முடியாது.