ஆவணத்துக்கு ஆவணம் மாறும் ஜெர்மன் குடும்பப் பெயர்: எப்படித் தேடுவது?

கேள்வி:
வணக்கம். என் கணவர் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்துக்காரர். குடும்பப் பெயர் யேகர். 1740-களில் ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதியிலிருந்து கப்பலேறி வந்த யோஹான் யேகர் என்பவர் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு மேல் நகரவில்லை. கப்பல் பட்டியலில் அவர் பெயர் ஜே எழுத்தில் தொடங்குகிறது, நிலப் பத்திரத்தில் ஒய், உயிலில் ஹன்ட்டர்! மூன்றும் ஒரே ஆளா? துறைமுகத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்கிறார் மாமியார்.

பதில் 1:
துறைமுகக் கதை இல்லாத வீடே அமெரிக்காவில் இல்லை போல! எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான். ஜெர்மனில் ஜே-க்கு 'ய' ஒலி, அதனால் ஒய். யேகர் என்றால் வேட்டைக்காரர், அதனால் ஹன்ட்டர். தச்சர் என்று பொருள்படும் ட்சிம்மர்மான் பெயர்கொண்ட குடும்பங்கள் சில கார்ப்பென்டர் ஆனதும் இப்படித்தான். ஆனாலும் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மனைவி பெயர், நிலம், ஞானஸ்நான சாட்சிகள் ஒத்துப்போகிறார்களா பாருங்கள்.

நீங்கள் பார்த்தது எந்தப் பட்டியல்? பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்களிடம் 1727 முதல் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி வாங்கிக் கையெழுத்தும் வாங்கினார்கள். கப்பல் கேப்டன் கொடுத்த பயணிகள் பட்டியல் வேறொருவர் எழுதியது. உறுதிமொழிப் பட்டியலில் எழுதத் தெரிந்தவர் தானே கையெழுத்திட்டார், தெரியாதவர் குறி போட்டார். கையெழுத்து இருந்தால் அந்த எழுத்துக்கூட்டலைத்தான் நம்புவேன்.

பதில் 2:
'யோஹான்' என்பதையும் நம்பாதீர்கள். அண்ணன் தம்பி எல்லோருக்கும் அதே முதல் பெயர் வைப்பார்கள், கூப்பிடுவது இரண்டாவது பெயரால். பெண்களைத் தேடும்போது குடும்பப் பெயரோடு 'இன்' விகுதி சேர்த்து, யேகரின் என்றும் பாருங்கள்.

ஊர் தெரியாமல் ஜெர்மனிக்குள் இறங்குவது வீண். நாடு முழுவதற்குமான அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1876-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் சர்ச் பதிவேடுதான், அதுவும் ஊர்வாரியாக. முப்பதாண்டுப் போரில் (1618–1648) பல அழிந்தும் போயின.

கேட்டவர்:
நன்றி. கையெழுத்தைத் தேடுகிறேன். ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 2:
பென்சில்வேனியா லூத்தரன் சபைகளின் அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். சில போதகர்கள் இறந்தவரின் பிறந்த ஊரையும் எழுதி வைத்தார்கள். இல்லையென்றால் அதே கப்பலில் வந்து பக்கத்து நிலம் வாங்கியவர்களைப் பிடியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வருவது வழக்கம். அப்புறம் புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் தளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மட்ரிகுலா, இலவசம். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்து நடையைப் படிக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்தின் படத்தை இங்கே போடுங்கள்.