மறு: ஒரே மொழிக்கு ரெண்டு மூணு எழுத்து – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரே மொழிய ரெண்டு மூணு எழுத்துமுறைல எழுதினா, அந்த எழுத்துமுறைகளுக்கு நம்ம சொற்பட்டியல்ல என்ன பேர் வைக்கலாம்னு ரெண்டு நாளா நீங்க எழுதின மடல் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருந்தேன், பதில் எழுத இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது.

> ஒரு மொழியை இரண்டு எழுத்துகளில் எழுதினால் 'ஈரெழுத்து மொழி' எனலாமே?

ஐயா, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம இலக்கணத்துல மொழின்னா சொல்லுன்னும் பொருள் இருக்கே, ஆ, ஈ, பூ, தீ எல்லாம் ஓரெழுத்து ஒருமொழின்னு பள்ளிக்கூடத்துல படிச்சவங்க ஈரெழுத்து மொழின்னா கல், மண், பல்னுதான் நினைப்பாங்க. எழுத்துங்கற சொல்லையும் நாம அ, ஆ-வுக்கும் வச்சிருக்கோம், மொத்த எழுத்துமுறைக்கும் வச்சிருக்கோம், அதனால வரிவடிவம்னு போறதுதான் தெளிவு. பேர்ல 'இரு'ன்னு எண்ணும் வேண்டாம். கொங்கணிய தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம், அரபுன்னு அஞ்சு எழுத்துல எழுதியிருக்காங்க, அதுக்கு இன்னொரு சொல் தேடணுமா?

> 'மாற்று வரிவடிவம்' எளிமையாக உள்ளது.

இதத்தான் நான் ரொம்ப எதிர்க்கறேன். மாற்றுன்னு ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு முதன்மைன்னு ஆயிடுது, விக்கிப்பீடியாவுல சண்டையே அதுக்குத்தானே நடக்குது! கோவாவுல 1987 ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரில எழுதற கொங்கணியத்தான் ஏத்துக்கிச்சு, தலைமுறை தலைமுறையா ரோமன் எழுத்துல தியாத்ர் நாடகமும் ஜெபப் புத்தகமும் எழுதினவங்க எங்களுக்கும் சமமான இடம் குடுங்கன்னு இன்னும் கேக்கறாங்க, கொங்கணி விக்கிப்பீடியாவுல ரெண்டு எழுத்துலயும் கட்டுரை இருக்கு. அங்க போய் ஒண்ண 'மாற்று'ன்னா நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும்.

சில மொழிகள்ல மென்பொருளே எழுத்த மாத்திக் காட்டுது. செர்பிய விக்கிப்பீடியாவுல மேல ஒரு தொடுப்ப அழுத்தினா சிரில்லிக் (ரஷ்ய மொழிக்கு இருக்கற மாதிரி எழுத்து) பக்கம் லத்தீன் எழுத்துக்கு மாறிடும், ரெண்டுலயும் 30 எழுத்துதான், ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தும். அதுலயும் சிக்கல் உண்டு, சிரில்லிக்ல 'ஞ' மாதிரி ஒலிக்கு ஒரே எழுத்து, லத்தீன்ல அதுக்கு ரெண்டு எழுத்தச் சேத்து எழுதுவாங்க, ஆனா இன்யெக்ட்சியா (ஊசி)ங்கற சொல்லுல அந்த ரெண்டும் தனித்தனி ஒலி, லத்தீன்லேர்ந்து திரும்பி வரும்போது மென்பொருள் ரெண்டையும் ஒண்ணாக்கிடும், அதனால விதிவிலக்குப் பட்டியல் வச்சே ஆகணும். சீனத்துல எளிதாக்கின வடிவத்துல 'அனுப்பு'க்கும் 'தலைமுடி'க்கும் ஒரே எழுத்து, மரபு வடிவத்துல வேற வேற, சூழல் பாக்காம மாத்தவே முடியாது. பஞ்சாபிக்கு இப்படி மென்பொருளால மாத்தறதும் கைகொடுக்கல, ஷாமுகில (பாகிஸ்தான்ல பஞ்சாபி எழுதற அரபு வகை எழுத்து) குறில் உயிர பெரும்பாலும் எழுதவே மாட்டாங்க, குர்முகில (இந்தியாவுல எழுதற எழுத்து) எழுதுவாங்க, இல்லாதத மென்பொருள் எங்கேர்ந்து கொண்டுவரும்? பஞ்சாபிக்கு ரெண்டு தனி விக்கிப்பீடியா இருக்கு.

இந்த மென்பொருளுக்கு 'எழுத்துப்பெயர்ப்பி' வேண்டாம், 'வரிவடிவ மாற்றி'ன்னே வைங்க. எழுத்துப்பெயர்ப்பு எழுதறவர் ஒருதடவ செய்யறது, இது படிக்கறவர் கேக்கும்போதெல்லாம் நடக்கறது. மாற்றின்னா செயல், மாற்றுன்னா தகுதி, அதனால இதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

இது எங்கயோ நடக்கற விஷயம்னு நினைக்காதீங்க. மதுரைல எங்க பக்கத்து வீட்டு அம்மா சௌராஷ்டிரம் பேசறவங்க. அவங்க மாமனார் பஜனப் பாட்டு எழுதிவச்ச நோட்டு ஒண்ணு இருக்கு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, முழுக்கத் தமிழ் எழுத்துதான், ஆனா க², க³, த⁴ன்னு தலைக்கு மேல பொடிசா எண் போட்டு, சில ம-வுக்கும் ந-வுக்கும் பக்கத்துல ரெண்டு புள்ளி வச்சு. விரல வச்சுக்கிட்டு ராகமா படிச்சுக் காட்டினாங்க. பையன் அதே பாட்ட சௌராஷ்டிர எழுத்துல தட்டச்சு பண்ணிக் கொண்டுவந்தான், அந்த எழுத்துக்கு 2008-ல யூனிகோடு 5.1-லயே இடம் கெடச்சாச்சு. அம்மா தாள ரொம்ப நேரம் பாத்துட்டு "நம்ம எழுத்துதான்டா, ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதே"ன்னாங்க. இந்த வீட்டுல எது முதன்மை, எது மாற்று? யாரால சொல்ல முடியும்?

புது மொழிக்கு விக்கிப்பீடியா வேணும்னா ஐஎஸ்ஓ 639 குறியீடு (மொழிகளுக்கான உலகப் பொதுக் குறியீடு) மட்டும் போதாது, அடைகாப்பகத்துல (புது விக்கிப்பீடியாவ முதல்ல வளத்துப் பாக்கற தளம்) மாசக்கணக்கா விடாம எழுதற ஆளுங்க வேணும். சின்ன சமூகத்துல எழுத வர்றதே அஞ்சாறு பேரு, அவங்களும் எழுத்துச் சண்டைல ரெண்டாப் பிரிஞ்சா எந்தப் பக்கமும் தேறாது. அதனாலதான் ஒரு கலைச்சொல்லுக்கு இவ்ளோ பேசறேன், விதிப் பக்கத்துல நாம வைக்கிற சொல்லே ஒருத்தர வெளிய தள்ளக்கூடாது.

என் பரிந்துரை: இணைவரிவடிவம். தமிழுக்கும் பொருந்தும், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைன்னு முஸ்லிம்கள் அரபு எழுத்துல தமிழ் எழுதின அர்வி இருக்கே, அது தமிழோட இணைவரிவடிவம்தான்.

> இணை இயக்குநர் என்றால் இயக்குநருக்குக் கீழேதானே?

அக்கா, நியாயமான கேள்வி, நானும் இதுல கொஞ்சம் தடுமாறினேன். அலுவலகப் பதவில அப்படித்தான், ஆனா இணைகோட்டுல எந்தக் கோடு கீழ? இருந்தாலும் பயன்பாட்டுலயே இத அடைச்சிடலாம்: 'ரோமன், தேவநாகரியின் இணைவரிவடிவம்'னு ஒருக்காலும் எழுத வேண்டாம் (மேல அர்விக்கு நான் எழுதினதும் தப்பு, இப்பத்தான் கவனிக்கறேன்), எப்பவும் எல்லாத்தையும் சேத்துப் பன்மைல எழுதணும். சொற்பட்டியல்ல எடுத்துக்காட்டா இதப் போடலாம்: "சிரில்லிக்கும் லத்தீனும் செர்பிய மொழியின் இணைவரிவடிவங்கள்."

ஒத்துக்கறவங்க, ஒத்துக்காதவங்க ரெண்டு பேரும் காரணத்தோட எழுதுங்க, அடுத்த வாரம் பட்டியல்ல ஏத்திடலாம்.