பள்ளி மாவட்ட மருத்துவக் காப்பீடு கட்டுப்படியாகவில்லை, குடும்பத்தை வெளிக் காப்பீட்டுக்கு மாற்றியவர்கள் உண்டா?

வணக்கம். கலிபோர்னியாவில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு (இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. இங்கே பிள்ளைகளின் தினசரி வருகையை வைத்துத்தான் மாநில அரசின் பணம் வரும். சேர்க்கை குறையக் குறைய வரவும் குறைகிறது. கொரோனா காலத்து மத்திய நிதிக்கும் 2024 செப்டம்பரோடு கெடு முடிந்தது. கை வைப்பது எதில்? வழக்கம்போல ஆசிரியர் காப்பீட்டில்.

பிரீமியத்தில் மாவட்டத்தின் பங்குக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் நம் தலையில். எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் சம்பளச் சீட்டில் பிடித்தம் வீட்டு வாடகையோடு போட்டி போடுகிறது. அவருக்குச் சொந்தத் தொழில், வேறு காப்பீடு கிடையாது.

2023இல் விதி மாறியது. குடும்பத்துக்கான பிரீமியம் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால், நான் மாவட்டக் காப்பீட்டிலேயே இருக்க, அவர்கள் மட்டும் கவர்டு கலிபோர்னியாவில் (மாநில அரசின் காப்பீட்டுச் சந்தை) மானியம் கேட்கலாம். யாராவது இப்படி மாற்றியிருக்கிறீர்களா? மானியத்துக்கு யாருடைய வருமானத்தையெல்லாம் காட்டச் சொன்னார்கள்? பழைய குழந்தை டாக்டரே கிடைத்தாரா? வருஷ நடுவில் நாமாக விலகினால் உடனே சேர விடுவார்களா, நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா? சின்னவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

சங்கத்தில் கேட்டால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்கிறார்கள். அலுவலகத்தில் படிவம் மட்டும் அனுப்புகிறார்கள். "ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை மட்டும் வேண்டாம், அதை மாமியார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். தமிழ் பேசும் காப்பீட்டு முகவர் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.