ஃபுளோரிடாவில் ஆர்.வி. எடுத்து அப்பா அம்மாவோடு போகப் போகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஜூனில் வேண்டாம் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் மஞ்சக்குப்பத்திலிருந்து கோடையில் வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு, டாம்பா நகரில் ஆர்.வி. ஒன்றை, அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்துக் கடற்கரை கடற்கரையாகப் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை நியாயமானது, மாதம்தான் சரியில்லை. கடலூர் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய சூடு என்று தோன்றும். ஆனால் நம் வீட்டுக்குச் சுவர் உண்டு, வாசலில் வேப்பமரம் உண்டு. ஆர்.வி.க்கு இருப்பது மெல்லிய தகடும் கூரையில் ஒரு ஏசியும். அந்த ஏசி வெளிச்சூட்டைவிட ஏறக்குறைய 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக் கொடுத்தாலே பெரிய காரியம். ராத்திரியும் புழுக்கம் விடாது, சாயங்காலம் ஆனால் இடியும் மழையும், அப்புறம் கொசு. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலப் பூங்காவில் ஃபிளமிங்கோ கேம்ப்கிரவுண்ட் (வண்டி நிறுத்தித் தங்கும் இடம்) பக்கம் கோடையில் வண்டிக் கதவைத் திறக்கவே யோசிப்பீர்கள். அதே இடம் ஜனவரியில் சொர்க்கம். பெற்றோரை நவம்பர் கடைசிக்கு மேல் வரச் சொல்லுங்கள், மார்ச் வரை அருமையான நாட்கள்.

ஆனால் அந்த மாதங்களைத் தேடித்தான் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள், அதனால் கிளம்பும்போது இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. 2024 ஜனவரியிலிருந்து மாநிலப் பூங்காக்களில் ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்கள் 11 மாதம் முன்னாடியே பதிவு செய்யலாம், வெளி மாநிலத்தவருக்கு 10 மாதம்தான். இந்த ஒரு மாதம் பெரிய வரம், ஃபுளோரிடா ஓட்டுநர் உரிமம் கையில் வந்ததும் அதை வைத்துப் பூங்காக்களின் முன்பதிவுத் தளத்தில் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். அங்கே காலை 8 மணிக்கு அன்றைய பதிவு திறக்கும். நம் ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. என் மகள் அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம் என்பதால், புதுச்சேரி லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அவள் கணக்கில் இடம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. கிறிஸ்துமஸ் வாரம் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியிலேயே உட்கார வேண்டும். கிடைக்கவில்லையா, விடாதீர்கள், பயணத் தேதி நெருங்கும்போது ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும், காலையும் மாலையும் பாருங்கள். இன்னொன்று, ஒரு சைட்டில், அதாவது ஒரு வண்டிக்கு ஒதுக்கும் இடத்தில், 8 பேர்தான். நாலு குடும்பமாகப் போவதென்றால் பக்கத்துப் பக்கத்தில் சைட் எடுக்க வேண்டும்.

எந்தக் கேம்ப்கிரவுண்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதற்குள்ளே எந்த சைட் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். வரைபடத்தோடு மேலிருந்து எடுத்த படத்தையும் பாருங்கள், மரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். செயின்ட் அகஸ்டினில் அனஸ்டேசியா பூங்காவில் சைட்டுகள் மரத்தடியில் இருக்கும், கடலும் எட்டும் தூரம்தான், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அது. ஊரும் 1565இல் ஸ்பெயின்காரர்கள் கட்டியது, நம் புதுச்சேரியின் பழைய தெருக்களில் நடந்து பழகிய கால்களுக்குப் பிடிக்கும். கீஸ் தீவுகளில் இருக்கும் பாஹியா ஹோண்டா பூங்காவின் தண்ணீர் அழகுக்கு ஈடே இல்லை, ஆனால் வெட்டவெளி நிறைய, குளிர்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.வி.யின் கதவும் வெளியே விரிக்கும் ஆனிங் கூரையும் வண்டியின் வலது பக்கம் இருக்கும். வண்டியின் முகம் வடக்கே பார்த்து நின்றால் அந்தப் பக்கம் கிழக்கு, மத்தியானத்துக்கு மேல் வண்டியே நிழல் தரும், அங்கே நாற்காலி போட்டு அம்மா நிம்மதியாக உட்காரலாம். அட்லாண்டிக் கரையானால் நம் தேவனாம்பட்டினம் போலவே கிழக்கிலிருந்து கடல்காற்றும் வரும். டாம்பா பக்கம் கடல் மேற்கே என்பதால் காற்று எதிர்ப்பக்கம், அங்கே நிழலா காற்றா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், நான் நிழலைத்தான் எடுப்பேன். ஆனிங்கை விரித்தபடி விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது, ஒரு காற்று போதும், பிய்த்துவிடும்.

கரண்ட் கணக்கு. வாடகை வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏசி ஒன்று 1,500 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட், அதோடு வாட்டர் ஹீட்டரையும் கரண்டில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஏசி ஓடும்போது கேஸ் அடுப்பில் சமையுங்கள். 50 ஆம்பியர் இடம் கிடைத்தாலும் வண்டி 30 ஆம்பியராக இருந்தால் கிடைப்பது அதே 3,600தான், கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கரண்ட் திடீரென்று எகிறினால் வண்டியைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கி வையுங்கள், வோல்டேஜ் 105க்குக் கீழே இறங்கினால் ஏசியை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் கேட்கக் கூச்சப்படுவார்கள். நம்மவர்கள் கழுவத் தண்ணீர் ஊற்றுவதால் கழிவறைத் தொட்டி சீக்கிரம் நிறையும். சாக்கடை இணைப்பும் உள்ள ஃபுல் ஹூக்கப் இடம் என்றால் கவலை இல்லை, மாநிலப் பூங்காக்களில் பல இடங்களில் தண்ணீரும் கரண்டும் மட்டும்தான் சைட்டுக்கு வரும், தொட்டியைக் காலி செய்யப் பொதுவான டம்ப் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டும். குளிக்கப் பூங்காவின் குளியலறையையே பயன்படுத்துங்கள், சுத்தமாக வைத்திருப்பார்கள். ஃபுல் ஹூக்கப்பிலும் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள், தண்ணீர் ஓடிவிடும், மற்றது அடியில் கட்டிக்கொள்ளும். காலி செய்யும்போது முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்து விட்டு, பிறகு சமையல், குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் அலசிவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவது அங்கே கூடாது. மீன் வறுவலை வண்டிக்குள் வேண்டாம், அந்த வாசனை மெத்தையில் ஏறினால் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யப் பணம் கேட்பார்கள். வெளியே மேசையில் அடுப்பு வைத்து வறுங்கள்.

புயல் பற்றிக் கடலூர்க்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். ஃபுளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். வெளியேறச் சொன்னால் ஆர்.வி.யில் இருப்பவர்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்ப வேண்டும், கல் வீடு தாங்கும் காற்றை இது தாங்காது. பணம் போகிறதே என்று ஒரு ராத்திரி பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அம்மா அப்பா கூட இருக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தூண்டில் போடப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். ஃபுளோரிடாவில் குடியிருக்கும் உங்களுக்குக் கரையிலிருந்து மீன்பிடிக்க இலவச உரிமம் உண்டு, எடுத்துக்கொள்ளுங்கள். 65 தாண்டியவர்களுக்கு உரிமம் வேண்டாம் என்ற சலுகை குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், விருந்தாளியாக வரும் அப்பாவுக்குக் கடல்மீன் உரிமம் வாங்க வேண்டும், 3 நாளுக்கு 17 டாலர். கிங் மேக்கரல் கிடைத்தால் நம் வஞ்சிரத்தின் சொந்தக்காரன்தான், ஆனால் அதில் பாதரசம் அதிகம். பிள்ளைகளுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு இது ஏழாம் மாதம் என்கிறீர்கள், அவருக்கு இறால் தொக்கு வைத்துக் கொடுங்கள்.