புதுப்பிப்பு: சிகாகோ ஒருவழியாக எழுந்துவிட்டது

விண்டோஸ் 95 வருவதற்கு முந்தைய 'சிகாகோ' சோதனைப் பதிப்பு, 1993 ஆகஸ்டில் உருவான 58எஸ் என்ற எண்ணுள்ளது, என் கணினியில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகப் போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா? தேதியைப் பாருங்கள் என்று சிங்கப்பூர் ஈசூன் வட்டார அண்ணன் ஒருவர் சொன்னார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்!

இதுபோன்ற சோதனைப் பதிப்புகள் பலவற்றில் காலாவதித் தேதி இருக்கும்; அது தாண்டினால் ஓடாது. 86பாக்ஸில் (பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்) நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) 1993 என்று வைத்தேன். சரி, திறந்துகொண்டது.

ஸ்டார்ட் பட்டனைத் தேடாதீர்கள், இல்லை. கீழ்ப்பட்டையின் இடது ஓரத்தில் மூன்று சின்னப் பட்டன்கள்: விண்டோஸ் கொடி ஒன்று, தேடலுக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று. கொடிக்கும் தேடலுக்கும் நடுவே கை தடுமாறுகிறது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 ஆக வெளிவந்தபோது மூன்றும் போய் ஒரே 'ஸ்டார்ட்' ஆகிவிட்டது, பிழைத்தோம்.

சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வாங்கி நிஜக் கணினியில் போடு என்கிறான் தம்பி. எமுலேட்டரிலேயே முடித்துவிடலாம் என்பது என் கட்சி. அடுத்து 73ஜி என்ற சோதனைப் பதிப்பு.